ஐந்து மீட்டரில் மூச்சு

பொன்னேரியிலிருந்து முதல் ஆக்சிஜன் சிலிண்டரை நான் ஊருக்குக் கொண்டுவந்த நாளில் பக்கத்து வீட்டு அக்கா அழுதேவிட்டார். பஸ்ஸில் கண்டக்டர் ஏற்ற மாட்டேனென்று சொல்லிவிட்டதால் ஷேர் ஆட்டோவில் வைத்து, பழவேற்காட்டுப் பாலம் தாண்டி, எங்கள் குப்பத்துக்குள் இறக்கினேன். இடுப்பளவு உயரம், கறுப்பு உடம்பு, வெள்ளைக் கழுத்து. அந்த வெள்ளைக் கழுத்தைப் பார்த்ததும் கருவாடு காயவைத்துக்கொண்டிருந்தவர் எழுந்து ஓடிவந்தார்.

"யாருக்குப்பா இது? அண்ணனுக்கா?"

"யாருக்கும் ஒண்ணும் இல்லக்கா. தண்ணிக்குள்ள போறதுக்கு."

"தண்ணிக்குள்ள போறதுக்கு இது இன்னாத்துக்கு?"

சிலிண்டரை வீட்டுக்குள் உருட்டிக்கொண்டு போனேன். விவரம் சொல்லியிருந்தாலும் நம்பியிருக்க மாட்டார். சாயங்காலத்துக்குள் எனக்கு நுரையீரலில் ஏதோ நோய் என்று குப்பம் முழுக்கப் பேச்சாகிவிட்டது. கொரோனாவின் இரண்டாவது அலையில் அந்தச் சிலிண்டருக்காக அலைந்தவர்கள் எங்கள் ஊரில் நிறையப் பேர். அலைந்தவர்களில் என் அண்ணனும் ஒருவர். எங்கள் அப்பாவுக்கு, நைனாவுக்கு, மூச்சு வாங்க ஆரம்பித்த மூன்றாவது நாள் ஒரு சிலிண்டர் கிடைத்தது. அவர் இரண்டாவது நாளே போய்விட்டார். நான் அப்போது அந்தமானில் இருந்தேன். கப்பலும் இல்லை, விமானமும் இல்லை. அடக்கத்தை அண்ணன் போனில் காட்டினார். பாதியில் டவர் போய்விட்டது.

அந்தமானில் பன்னிரண்டு வருடம் நான் ஸ்கூபா வழிகாட்டி. சுற்றுலா வருகிறவர்களைக் கடலுக்கடியில் கூட்டிப்போய் மீன் காட்டிவிட்டுப் பத்திரமாக மேலே கொண்டுவந்து சேர்ப்பது வேலை. நைனா போய் ஒன்றரை வருடம் கழித்து, கூட்டம் அதிகமாக இருந்த ஒரு சீசனில், தொடர்ந்து ஆறாவது நாள் டைவ் முடித்துவிட்டுக் கரையில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். டம்ளர் கையிலிருந்து நழுவி விழுந்தது. எடுக்கக் குனிந்தால் விரல்கள் மடங்கவில்லை. இடது முழங்கைக்குள் பல்வலி மாதிரி ஒரு குடைச்சல்.

ஆழத்தில் மூச்சு விடும்போது காற்றிலிருக்கும் நைட்ரஜன் ரத்தத்திலும் சதையிலும் போய்க் கரைந்துகொள்ளும். நிதானமாக மேலே வந்தால் வந்த வழியே மூச்சில் வெளியேறிவிடும். இல்லாவிட்டால் மூடி திறந்த சோடா மாதிரி உடம்புக்குள்ளேயே குமிழியாகும். அதனால்தான் மேலே வருமுன் ஐந்து மீட்டர் ஆழத்தில் மூன்று நிமிடம் எல்லோரும் நிற்கிறோம். அன்றைக்கு நானும் நின்றுவிட்டுத்தான் வந்தேன். இருந்தும் அந்த நோய் வந்தது.

ஆஸ்பத்திரியில் காற்றழுத்தத்தை ஏற்றி மெல்ல இறக்கும் அறைக்குள் இரண்டு நாள் விட்டுவிட்டுப் படுக்கவைத்தார்கள். விரல்கள் திரும்பி வந்தன. டாக்டரம்மா என்னைவிட வயதில் சிறியவர். வீட்டுக்கு அனுப்பும்போது சொன்னார்: "இனிமே டைவ் பண்ணாம இருக்கறதுதான் நல்லது. ஆறு மாசம் தண்ணிப் பக்கமே போகாதீங்க. அதுக்கப்புறமும் போயே ஆகணும்னா ஒரு நாளைக்கு ஒண்ணு. ஐந்து மீட்டர்ல நிக்கறதை நீளமா வைங்க. முடிஞ்சா அங்க காத்துக்குப் பதிலா சுத்த ஆக்சிஜன் எடுங்க. அதுல நைட்ரஜன் கிடையாது, உள்ள இருக்கறது சீக்கிரம் வெளியேறும்."

"எடுத்தா திரும்ப வராதா?"

"அப்படி நான் சொல்லல. வாய்ப்பு கொறையும், அவ்வளவுதான். அதை எடுக்கறோம்ங்கற தைரியத்துல கூட நேரம் ஆழத்துல இருக்கக் கூடாது. ஆறு மீட்டருக்குக் கீழ அதை வாயில வெச்சீங்கன்னா வலிப்பு வந்துரும்."

என் மனைவி அங்கே பள்ளிக்கூட டீச்சர். அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "இனி தண்ணிக்குள்ள போக மாட்டேன்னு சொல்லுங்க. வேற எது செஞ்சாலும் பொழைச்சுக்கலாம்." அந்த வாக்கை நான் கொடுக்கவில்லை. ஓய்வுக்காக ஆறு மாதம் ஊரில் இருந்துவிட்டு வருவதாகக் கிளம்பினேன். ஆறு மாதம் ஒரு வருடமானது, வருடம் மூன்றானது. பிரிந்துபோவதாக நாங்கள் இருவருமே முடிவு செய்யவில்லை. சண்டைகூடப் போட்டதில்லை. மகள் ஞாயிற்றுக்கிழமைகளில் போன் செய்வாள். ஞாயிற்றுக்கிழமைதான் நான் கடலில் இருக்கும் நாள். கரைக்கு வந்து பார்த்தால் தவறிய அழைப்பு ஒன்று இருக்கும். திரும்பக் கூப்பிட்டால் அவள் டியூஷனில் இருப்பாள்.

வேறு வேலை தெரியாது என்று எல்லோரிடமும் சொன்னேன். அது பாதிதான் உண்மை. மீதிப் பாதியை எப்படிச் சொல்வதென்று எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை.

ஆறு மாதம் கழிந்ததும் ஊரிலேயே டைவ் கூட்டிப்போகும் வேலையைத் தொடங்கினேன். சென்னையிலிருந்து ஞாயிறுதோறும் நாலைந்து பேர் டைவ் செய்ய வருவார்கள். அண்ணனின் ஃபைபர் போட்டில் முகத்துவாரம் தாண்டி, ஒன்றரை மணி நேரம் ஓடினால் ஒரு பாறைத்திட்டு. எங்கள் ஆட்கள் அதைப் பார் என்பார்கள். இருபத்தைந்து மீட்டர் ஆழம். அந்தமான் மாதிரி கண்ணாடித் தண்ணீர் இல்லை. நல்ல நாளில் நாலு மீட்டர் தெரியும். மற்ற நாளில் நம் கையை நீட்டினால் விரல் நுனி மங்கும்.

ஆக்சிஜன் சிலிண்டரைப் போட்டிலேயே நிற்கவைத்துக் கட்டிவிடுவோம். அதிலிருந்து ஒரு நீளக் குழாய், நுனியில் மவுத்பீஸ், பக்கத்தில் ஒரு ஈயக்குண்டு. தவறிக்கூட ஆழத்துக்குப் போகக்கூடாதென்று குழாயையே ஐந்து மீட்டருக்கு மேல் போகாதபடி வெட்டி வைத்திருந்தேன். மேலே வால்வைத் திறப்பதும் மூடுவதும் அண்ணன் வேலை.

முதல் வாரமே சண்டை. வால்வு இறுக்கமாக இருக்கிறதென்று அண்ணன் எஞ்சின் கிரீஸை ஒரு விரலில் எடுத்துத் தடவி வைத்திருந்தார். கடலில் துருப்பிடிக்கும் எதற்கும் அவருக்குத் தெரிந்த வைத்தியம் அது. நான் கத்திவிட்டேன். எண்ணெய்ப் பசையில் அழுத்தமான ஆக்சிஜன் பட்டால் தீப்பிடிக்க நெருப்பே வேண்டாம்.

"போட்டோட எரிஞ்சிருப்போம் எல்லாரும். சொன்னேன்ல, எண்ணெய்க் கையோட தொடாதேன்னு!"

அண்ணன் கையைத் துடைத்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். "நைனாவுக்கு ஒண்ணு கெடைக்காம நான் எங்கெங்க சுத்தினேன் தெரியுமாடா? எளாவூர் செக்போஸ்ட்டு தாண்டி ஆந்திரா வரைக்கும் போனேன். ஒருத்தன் கால்ல உழுந்தேன். நீ அதை வெச்சிகினு தண்ணிக்குள்ள தொங்கறே."

 அந்தச் சிலிண்டரை அப்படியே கடைக்குத் திருப்பிக் கொண்டுபோய், விஷயத்தைச் சொல்லிக் கொடுத்துவிட்டு, வேறு வாங்கி வந்தேன். அடுத்த ஞாயிறு, சிலிண்டரைத் தொடுவதற்கு முன் அண்ணன் சோப்புப் போட்டு இரண்டு முறை கை கழுவினார். என்னிடம் தேவைக்குமேல் ஒரு வார்த்தை பேசவில்லை. பல மாதம் அப்படியே போயிற்று.

டைவ் முடிந்து வரும்போது மற்றவர்கள் நங்கூரக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு மூன்று நிமிடம் நின்றுவிட்டு ஒவ்வொருவராக மேலேறிப் போவார்கள். துடுப்புக் கால்கள் தலைக்குமேல் போய் மறையும். நான் என் மவுத்பீஸை எடுத்துவிட்டு ஆக்சிஜன் மவுத்பீஸை வாயில் வைத்துக்கொள்வேன். பத்து நிமிடம். அதற்குச் சுவை இல்லை, மணம் இல்லை. கீழே பார்த்தால் பச்சை, நாலு பக்கமும் அதே பச்சை. மேலே மட்டும் போட்டின் வயிறு நிழலாக ஆடும். அவர்கள் பலகையில் நடப்பது, சிரிப்பது, யாரோ தண்ணீர் பாட்டிலைக் கீழே போடுவது, எல்லாம் தண்ணீர் வழியாகக் காதுக்கு வரும். வார்த்தை எதுவும் பிடிபடாது. யாராவது என்னைப் பற்றிப் பேசுகிறார்களா என்று ஆரம்பத்தில் உற்றுக் கேட்பேன். பிறகு அந்தப் பழக்கம் போய்விட்டது. கடிகாரத்தைப் பார்ப்பேன். இரண்டு நிமிடம்தான் ஆகியிருக்கும்.

அந்தப் பத்து நிமிடத்தில்தான் மகளின் குரலை நினைத்துப் பார்ப்பேன். அது மாறிக்கொண்டே வந்தது. கடைசியாக நேரில் கேட்டபோது அவளுக்குப் பதினோரு வயது.

நான் சொல்ல வந்தது ஒரு மாசி மாத ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி. கடல் அடங்கியிருந்தது. நான்கு பேர் வந்திருந்தார்கள். மூன்று பேர் ஒரே ஆபீசில் வேலை செய்யும் இளைஞர்கள். நான்காவது, அறுபது வயதை நெருங்கும் ஒரு அம்மா, தனியாக வந்தவர். வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவரென்று சொன்னார். அனுபவப் புத்தகத்தைக் காட்டினார். நூறுக்குமேல் டைவ் செய்திருந்தார். போகும் வழியெல்லாம் முன்பக்கம் உட்கார்ந்து கடலைப் பார்த்துக்கொண்டு வந்தார். இளைஞர்களில் ஒருவரை அவருக்கு ஜோடியாகப் போட்டேன்.

தண்ணீர் அன்றைக்கு மூன்று மீட்டர்தான் தெரிந்தது. பாறையில் இருபத்தைந்து நிமிடம் சுற்றிவிட்டு மேலே கிளம்பச் சைகை காட்டினேன். எண்ணினேன் என்றுதான் நினைக்கிறேன். ஐந்து மீட்டரில் கயிற்றைப் பிடித்துத் திரும்பிப் பார்த்தால் மூன்று பேர். அந்த அம்மாவின் ஜோடியிடம் எங்கேயென்று சைகையில் கேட்டேன். அவர் என் பக்கம் விரலை நீட்டினார். அந்த அம்மா என்னோடு வருவதாக அவர் நினைத்திருக்கிறார். நான் அவரோடு வருவதாக நினைத்திருக்கிறேன்.

திரும்ப இறங்குவது எனக்கு எவ்வளவு கெட்டது என்று எனக்குத் தெரியும். மேலே வந்தவன் மறுபடி ஆழத்துக்குப் போய் மறுபடி மேலே வருவதுபோல் இந்த நோய்க்கு வசதியான வேலை வேறில்லை. ஆனால் அந்த இடத்தில் யோசிக்க ஏதுமில்லை. மூவரையும் மூன்று நிமிடம் நின்றுவிட்டு மேலே போகச் சைகை காட்டிவிட்டு, கயிற்றோடு இறங்கினேன்.

நங்கூரத்திலிருந்து பத்தடி தள்ளி, பாறையின் மறுபுறம், மணலில் முழங்கால் போட்டு உட்கார்ந்திருந்தார். எதிலும் சிக்கவில்லை, பயப்படவும் இல்லை. கை இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தார். என் விளக்கு முகத்தில் பட்டதும் நிமிர்ந்து பார்த்தார். அவருடைய காற்று மானியில் முள் சிவப்புக்கு அருகில் இருந்தது. கையிலிருந்த டைவ் கம்ப்யூட்டர் மின்னிக்கொண்டிருந்தது: ஐந்து மீட்டரில் எட்டு நிமிடம் நிற்காமல் மேலே வராதே.

தோள்பட்டையைப் பிடித்துக் கூட்டிவந்தேன். எவ்வளவு மெதுவாக வர முடியுமோ அவ்வளவு மெதுவாக. ஐந்து மீட்டருக்கு வந்தபோது மற்றவர்கள் மேலே போய்விட்டிருந்தார்கள். அவருடைய முள் அடியைத் தொட்டுவிட்டது. அப்போதுதான் அவருக்கு நிலைமை புரிந்திருக்க வேண்டும். கண்கள் பெரிதாயின, மேலே உதைக்கத் தொடங்கினார். எட்டு நிமிடத்துக்கு என் சிலிண்டரிலிருந்து இரண்டு பேரும் இழுத்தால் எனக்கே போதாது. ஆக்சிஜன் குழாய் எங்கள் இருவருக்கும் நடுவே ஆடிக்கொண்டிருந்தது. அதை எடுத்து அவர் வாயருகே நீட்டினேன். தன்னுடையதைத் துப்பிவிட்டு அதைக் கவ்விக்கொண்டார்.

நான் என் காற்றையே சுவாசித்தேன். ஒரு கையால் அவருடைய தோள்வாரைப் பிடித்திருந்தேன், கீழே நழுவிவிடக் கூடாதென்று. அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். நகம் பதிந்தது. எட்டு நிமிடம் நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு தொங்கினோம். வேறு எங்கே பார்ப்பது? மூன்றாவது நிமிடம் மூச்சு சீரானது. ஐந்தாவது நிமிடம் அவர் அழுகிறார் என்று தெரிந்தது. முகக்கண்ணாடிக்குள் அழுவதைத் துடைக்க முடியாது. அந்த இடத்தில் எத்தனையோ ஞாயிறு தனியாக நின்றிருக்கிறேன். முதன்முதலாகப் பக்கத்தில் ஒருவர் இருந்தார், அவரிடம் ஒரு வார்த்தை பேச வழியில்லை.

மேலே ஏறியதும் அண்ணன் அவரைவிட்டு என்னைத்தான் பார்த்தார்.

"ஆக்சிஜன நீ எடுத்தியா?"

"இல்ல. அவங்க எடுத்தாங்க."

"எறங்கி ஏறுனியா?"

"ஆமா."

அண்ணன் சிலிண்டரின் முள்ளைப் பார்த்தார். கொஞ்சம்தான் மீதி. முதலுதவிக்கென்று வைத்திருந்த முகமூடியை அதில் மாட்டி என்னிடம் நீட்டினார். "இந்தா, நீ வெச்சிக்கோ. அவங்களுக்கு ஒண்ணும் ஆவல. உனக்கு ஏற்கெனவே வந்தது."

"அவங்க வயசானவங்கணா. தோள் வலிக்குதுங்கறாங்க. அவங்களுக்குக் குடு."

"நான் சொல்றதக் கேளுடா!" அண்ணன் அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை. இளைஞர்கள் மூவரும் திரும்பிப் பார்த்தார்கள். "எதிர்ல நைனா மூச்சுக்கு இழுத்துகினு கெடக்கசொல்ல பாத்துகினு இருந்தேன். ரெண்டாவது தபா என்னால ஆவாது."

எனக்கு மூச்சு வாங்கவில்லை, கை நன்றாகத்தான் இருக்கிறது என்று மூன்று முறை சொன்னேன். விரல்களை மூடித் திறந்து காட்டினேன். கடைசியில் அவர் முகமூடியை அந்த அம்மாவுக்கு மாட்டினார். சுக்கானை இளைஞர்களில் ஒருவரிடம் கொடுத்து, நேரே லைட்ஹவுஸைப் பார்த்துப் போகச் சொல்லிவிட்டு, முகத்துவாரம் வரும்வரை அந்த முகமூடியைத் தன் கையாலேயே அழுத்திப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "நல்லா இழும்மா. பயப்படாதே. நல்லா இழு." அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு வந்தார். அவர் யாரிடம் சொல்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. நான் கடல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

கரையில் ஆம்புலன்சுக்குக் காத்திருக்கும்போது அந்த அம்மா முகமூடியை விலக்கிவிட்டு என்னிடம் பேசினார். நான் எதுவும் கேட்கவில்லை.

"நான் வழி தவறல. நீங்க எல்லாரும் கிளம்பினது தெரிஞ்சுது. அங்க அமைதியா இருந்துச்சு. மேல வரணும்னு தோணல. அவ்வளவுதான். சாகணும்னு நெனைக்கல, தப்பா எடுத்துக்காதீங்க."

"தப்பா எடுத்துக்கலம்மா."

"உங்களுக்குப் புரியுதா?"

புரிகிறது என்றேன். அதற்குமேல் சொல்லியிருக்கலாம். எனக்கும் அப்படித் தோன்றியிருக்கிறது, அதனால்தான் மனைவியிடம் அந்த ஒரு வாக்கைக் கொடுக்க முடியவில்லை என்று அவரிடமாவது சொல்லியிருக்கலாம். வண்டி வந்துவிட்டது. சென்னையில் ஒருநாள் வைத்துப் பார்த்து, மருந்து கொடுத்து அனுப்பிவிட்டார்களென்று இரண்டு நாள் கழித்து அந்த அம்மா மகன் வீட்டிலிருந்து போன் செய்தார். தோள்வலி போய்விட்டதாம். இனி டைவ் செய்யப்போவதில்லையாம். மகன் பக்கத்தில் இருந்ததாலோ என்னவோ, சுருக்கமாகப் பேசினார். பிறகு பேசவில்லை.

என்னையும் அதே வண்டியில் ஏறச் சொல்லியிருக்க வேண்டும் என்று அண்ணன் மத்தியானம் முழுக்கத் திட்டினார். அவர் சொன்னது சரிதான். நான் போகவில்லை. வீட்டில் தரையில் பாயைப் போட்டுப் படுத்துக் காத்திருந்தேன். வருவதாக இருந்தால் சில மணி நேரத்தில் வரும். அண்ணன் வாசற்படியில் உட்கார்ந்து அரை மணிக்கொரு தரம் திரும்பிப் பார்ப்பார்.

"கைய மூடு. தொற. முழங்கை வலிக்குதா?"

"இல்லணா."

"இன்னொரு தபா மூடு."

கை சொன்னதைக் கேட்டது. வெயில் இறங்கியது. ஒரு டம்ளர் தண்ணீரை இடது கையால் தூக்கிக் குடித்துக் காட்டினேன். அதன்பிறகுதான் அவர் எழுந்து போனார்.

தனியாக இருந்தபோது மனைவிக்குப் போன் செய்தேன். மூன்று வருடத்தில் கடலைப் பற்றி அவளிடம் பேசியதே இல்லை. அன்றைக்கு எல்லாவற்றையும் சொன்னேன், திரும்ப இறங்கியது, குழாயைக் கொடுத்தது, அந்த அம்மா சொன்னது. அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள். முடித்தபிறகு, டவர் போய்விட்டதோ என்று பார்த்தேன்.

"நீங்களும் அப்படி உக்காந்திருக்கீங்களா? கீழே?"

"ரெண்டு மூணு தடவை."

"அப்பவே சொல்லியிருக்கலாமே. நான் என்னவோ உங்களுக்கு எங்களைவிட அந்த வேலைதான் பெருசுன்னு நெனைச்சுக்கிட்டிருந்தேன்."

அவள் குரலில் கோபம் இல்லை. களைப்பு இருந்தது. மகளுக்குப் பரீட்சை நடக்கிறது, அப்புறம் பேசுகிறேன் என்றாள். வா என்று அவள் சொல்லவில்லை, வருகிறேன் என்று நானும் சொல்லவில்லை. இப்போது புதன்கிழமைகளிலும் பேசிக்கொள்கிறோம், பெரும்பாலும் மகளின் படிப்பைப் பற்றி.

அடுத்த ஞாயிறு நான் இறங்கவில்லை, அதற்கடுத்ததும் இல்லை. மூன்றாவது ஞாயிறு இறங்கினேன். கிளம்பும்போது ஒவ்வொருவர் தோளையும் தொட்டு எண்ணினேன். எல்லோரும் மேலேறிப் போனபின் பத்து நிமிடம் நின்றேன். வடக்கிலிருந்து நீரோட்டம் கொஞ்சம் இழுத்தது. கயிற்றை இறுக்கிப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.